தார் ராட்டையில் சுற்றிய பிக்கப்

1. சட்டைக்குள் வந்த கிட்டார்

சாலமன் அண்ணன் கடைக்கு வந்த அன்று ஐப்பசி மழை. தாமலிலிருந்து சைக்கிள் மிதித்து வந்திருந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது, துடைக்கவில்லை. சட்டைக்குள் கையை விட்டு, உரச்சாக்குத் தாளில் சுற்றிய ஒரு காகிதச் சுருளை எடுத்தார். பிரித்துப் போட்டிருந்த ரேடியோக்களை ஓரமாகத் தள்ளிவிட்டு மேஜைமேல் விரித்தார்.

செய்தித்தாள்களைப் பசை போட்டு ஒட்டி, அதன்மேல் அடிச்சத்தம் எழுப்புகிற பேஸ் கிட்டார் ஒன்றைப் படுக்க வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்திருந்தார். தேங்காய் விலை, கொலைச் செய்தி, காணாமல் போனவரின் படம் எல்லாவற்றின் மேலும் அந்த நீளமான கழுத்து கிடந்தது.

"இத எனக்குச் செஞ்சு குடுக்கணும் பாய்," என்றார்.

கடை பெரிய காஞ்சிபுரத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். முதலாளி ஷெரீஃப் பாய். ரேடியோ ரிப்பேர், ஆம்ப்ளிஃபயர், கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மைக் செட். நான் அங்கே காயில் சுற்றுகிறவன், பற்றவைக்கிறவன், கம்பத்தில் ஏறி ஹாரன் கட்டுகிறவன், எல்லாம்.

பாய் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கினார். "போர்டுல இன்னா எழுதியிருக்குது? ரேடியோ. கிட்டார்னு எழுதியிருக்குதா?"

"மரத்த ஏழுமலை ஆசாரி செய்வாரு. உள்ள இருக்குற பிக்கப்பு, ஒயரிங்கு, அதத்தான் நீங்க செய்யணும்."

விஷயம் இதுதான். சாலமன் அண்ணன் பகலில் ரைஸ் மில்லில் நெல் அரைக்கிற ஹல்லர் மிஷின் ஓட்டுகிறவர். அவருடைய அப்பா தாமல் ஏரிக்குக் கீழே அடுத்தவர் நிலத்தில் குனிந்தே ஆயுளைக் கழித்தவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட கிட்டாரைப் பிடித்துக்கொண்டு அண்ணன் மட்டும் ஒரு மெல்லிசைக் குழுவில் ஏறியிருந்தார். சில வருஷம் லீட் கிட்டார் வாசித்தார். பிறகு ஒரு காலேஜ் பையன் வந்தான். இவராகவே, "லீடு அவன் வாசிக்கட்டும், நான் பேஸுக்குப் போறேன்," என்று ஒதுங்கிக்கொண்டார். பேஸ் ஒரு மெட்ராஸ்காரரிடம் வாடகைக்கு எடுத்தது. கார்த்திகை முடிந்தால் மெட்ராஸ்காரர் அதைத் திரும்ப வாங்கிக்கொள்வார். குழுவை நடத்துகிற ராகவன் சார் நேராகவே சொல்லிவிட்டார்: தையில் கல்யாண சீசன் ஆரம்பிக்கும்போது சொந்த பேஸோடு வா, இல்லாவிட்டால் வராதே.

"குழு போச்சுன்னா மில்லுதான் பாய்," என்றார் அண்ணன். "இப்போ பகல் மட்டும் நிக்கிறேன். அப்புறம் ரெண்டு ஷிப்டும் நில்லுன்னுவாங்க. நின்னுதான் ஆவணும்."

பாய் ஸ்டவ்வைப் பற்றவைக்கக் குனிந்துகொண்டே, "சரி, டீ குடிக்கிறியா?" என்று கேட்டார்.

"நாலு கம்பிதான் பாய்," என்றார் அண்ணன்.

நாங்கள் சிரித்தோம். வாத்தியக்காரர்கள் இப்படித்தான், உடம்பு இங்கே இருக்கும், மனசு தந்திமேல் இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். அவரும் எங்களைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தாமதமாக, சிரித்தார்.

2. படமரம்

தறியில் நெய்த சேலை சுருண்டு ஏறுகிற கட்டைக்குப் படமரம் என்று பெயர். நெசவாளி வயிற்றுக்கு முன்னால் குறுக்கே கிடக்கும். பாவு இழைகளின் மொத்த இழுப்பையும் வருஷக்கணக்கில் தாங்கி, கொஞ்சமும் வளையாமல் நிற்கும். அதை யாரும் அடுப்பில் வைக்க மாட்டார்கள். ஒரு முனையில் வெடிப்பு விட்டதால் மாற்றிய படமரம் ஒன்று ஏழுமலை ஆசாரியின் பட்டறையில் சுவரோரம் சாய்ந்து கிடந்தது. கிட்டாரின் கழுத்துக்கு அதைவிட நல்ல மரம் கிடைக்காது. பேஸ் தந்தி இழுக்கிற இழுப்பில் புது மரம் வில்லாகிவிடும்.

ஆசாரி தறி செய்கிறவர். செய்தித்தாள் படத்தைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். "இது இன்னாப்பா, பூசணிக்காமேல லாரி ஏறுன மாதிரி?"

உடம்புக்குப் பலா. கழுத்துக்குள் ஓர் இரும்புப் பட்டை. அளவெல்லாம் படத்தில் இருந்தது. ஆனால் சாலமன் அண்ணன் படத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டார். உடம்பின் மேல் பக்கத்தில் நீட்டிய கொம்பு இன்னும் நீளமாக வேண்டும், தோளில் மாட்டினால் அது நெஞ்செலும்பில் வந்து அழுந்த வேண்டும்.

"கொம்பு குத்தணும்னா மாடு வாங்கிக்கோ," என்றார் ஆசாரி.

"குத்தணும் ஆசாரி. கொஞ்சம் குத்துனாத்தான் நல்லது."

அத்தோடு விடவில்லை. பலகைகளில் எது என்று தேர்ந்தெடுக்க, ஒவ்வொன்றின் ஒரு முனையிலும் தன் தாடையை வைத்துக்கொண்டு, மறு முனையில் சுத்தியலால் தட்டச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவது பலகையில் அவருடைய முகம் தளர்ந்தது. "இதான்," என்றார்.

ஆசாரி என் பக்கம் திரும்பி, "பல்வலிக்காரன் மாதிரி இருக்குது," என்றார் சன்னமாக. பக்கத்திலேயே நின்ற அண்ணன் அதற்குக் கோபப்படவில்லை. நல்ல மனுஷன் என்று நினைத்தேன்.

3. பட்டுக்குப் பழகிய கை

பிக்கப் என்பது பெரிய மர்மம் இல்லை. நடுவில் காந்தம், அதைச் சுற்றி முடியைவிட மெல்லிய இனாமல் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. மேலே இரும்புத் தந்தி அதிர்ந்தால் காயிலில் ஒரு துளி கரன்ட் பிறக்கும். அந்தத் துளியை ஆம்ப்ளிஃபயர் ஊர் கேட்கிற சத்தமாக்கும். இன்றைக்கு இதெல்லாம் பெட்டியில் வருகிறது. மாட்டத் தெரிந்தால் போதும். அன்றைக்கு உடைந்த ஸ்பீக்கரிலிருந்தும் டெலிபோன் ரிசீவரிலிருந்தும் காந்தம் எடுத்தோம். தந்திக்கு ஒன்றாக நாலு மிருதுவான இரும்பு போல்ட். பேக்லைட் தகட்டை அறுத்து, கம்பி சுற்றுகிற பாபின். எல்லாம் சேர்ந்து ஒரு சின்னச் சவப்பெட்டி மாதிரி என் உள்ளங்கையில் உட்கார்ந்தது.

கம்பி சுற்றுவதில்தான் மாட்டிக்கொண்டேன். எங்களிடம் இருந்தது டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுகிற கைமிஷின். அதன் முரட்டு இழுப்புக்கு அந்தக் கம்பி தாங்கவில்லை. நூறு சுற்று ஏறும், அறுந்துவிடும். மறுபடியும் முதலிலிருந்து.

பாய் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "டேய் பழனி, ஊரெல்லாம் இதவிட மெல்லிசா இருக்குற இழையச் சுத்திக்கினு இருக்குறாங்க. நீ இங்க உக்காந்து அழுதுக்கினு இருக்குற."

அப்படித்தான் சுந்தரம்மா அக்காவிடம் போனேன். கடைக்குப் பின் தெருவில், வீட்டில் தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பம். புருஷன் தறியில், அக்கா ராட்டையில். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் போகிற தார்க் குழலுக்குப் பட்டு இழை சுற்றுவது அவருடைய வேலை. ராட்டையை வலது கை சுழற்றும், இடது கை விரல்களுக்கு நடுவே இழை ஓடும், வாய் பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும்.

பாபினைத் தார்க் கதிரில் செருகிக் கொடுத்தேன். கம்பியை விரலில் தடவிப் பார்த்தார். "ஏமி நாயனா, இது ஜரிகையா? பளபளப்பே இல்லியே."

"தாமிரம்க்கா. கரன்டு ஓடுறது."

"என் விரல்ல ஓடாதே?"

ஓடாது என்று சத்தியம் செய்தேன். சுற்ற ஆரம்பித்தார். நான் பார்த்ததிலேயே அழகான சுற்று அது. ஓர் இடத்திலும் மேடு இல்லை, பள்ளம் இல்லை. ஒரே ஒரு முறை அறுந்தது. அக்கா கண்ணிமைப்பதற்குள் இரண்டு நுனியையும் எச்சில் தொட்டு, சாம்பலில் புரட்டி, பட்டு இழையை முறுக்குவது போல முறுக்கிவிட்டார். நான் பதறிக்கொண்டு நிறுத்தினேன். இனாமலைச் சுரண்டி, பற்றவைத்தால்தான் கரன்ட் போகும் என்றேன். அக்கா என் சால்டரிங் அயர்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரு இழை சேக்கறதுக்கு நெருப்பு வெக்கணுமா? உங்க தொழிலு பேஜாரு தொழிலு."

முடித்ததும் மீட்டரில் வைத்தேன். முள் போய் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. எங்கும் விட்டுப்போகாத கம்பி. பாபினை விரலால் அழுத்தினால் மட்டும் சுற்று கொஞ்சம் மெத்தென்று இருந்தது.

"இறுக்கமா சுத்தலியாக்கா?"

"பட்ட இறுக்கிச் சுத்துனா மூச்சு முட்டி அறும் நாயனா. கை விட்டுத்தான் சுத்தணும்."

முழுசாக வந்ததே பெரிசு என்று வாங்கிக்கொண்டு வந்தேன். வால்யூமுக்கு ஒரு பொட்டன்ஷியோமீட்டர், டோனுக்கு ஒன்று, பழைய ரேடியோவிலிருந்து ஒரு கன்டென்சர், பின்னல் போட்ட ஷீல்டு ஒயர். தந்திகள் உட்காருகிற பிரிட்ஜிலிருந்து எர்த்துக்கு ஒரு கம்பி இழுத்தேன். அது இல்லாவிட்டால் தந்தியைத் தொட்டாலும் இரைச்சல் போட்டுக்கொண்டே இருக்கும். மார்கழிப் பனியில் ஒரு காலை, பலாவும் படமரமும் தாமிரமும் சேர்ந்து ஒரு வாத்தியமாகி, கடை மேஜைமேல் கிடந்தது.

4. ஊளை

அந்த ஊளையை முதலில் கேட்டது எதிர்க்கடை வாசலில் படுத்திருந்த நாய்.

சாலமன் அண்ணன் மில்லுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். சுந்தரம்மா அக்காவும் தார்க் கூடையோடு வந்து, தான் சுற்றியது என்ன பாடும் என்று பார்க்க வாசலில் நின்றார். கிட்டாரை வால்வு ஆம்ப்ளிஃபயரில் செருகினேன். அண்ணன் கொம்பை நெஞ்சில் அழுத்திக்கொண்டு முதல் தந்தியைத் தட்டினார். மேஜையில் இருந்த ஸ்க்ரூக்கள் நடுங்கின. நல்ல சத்தம். மண்ணுக்குக் கீழேயிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது போன்ற சத்தம்.

"இன்னும் ஏத்து தம்பி," என்றார்.

ஏற்றினேன். நாய் எழுந்து ஓடியது. அடுத்த நொடி எங்களுக்கும் வந்தது. ஊசியாய், பல்லைக் கூசவைக்கிற மாதிரி, காதுக்குள் ஜரிகையை உருவியது போல ஓர் ஊளை. பாய் கையிலிருந்த டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். அக்கா கூடையைக் கீழே போட்டுவிட்டுக் காதைப் பொத்தினார். நானும் பொத்தினேன்.

சாலமன் அண்ணன் வாசித்துக்கொண்டே இருந்தார். கண் மூடியிருந்தது. உதட்டில் சிரிப்பு. பலகையைத் தேர்ந்தெடுத்த அன்று பார்த்த அதே தளர்ந்த முகம்.

பிறகு கண்ணைத் திறந்தார். மூன்று பேரும் காதைப் பொத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். விரல்கள் நின்றன.

"இன்னா," என்றார், "சத்தம் நல்லா இல்லியா?"

பாய் ஆம்ப்ளிஃபயரை அணைத்தார். அக்கா சிதறிய தார்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூடையில் போட்டார். போகும்போது அண்ணனின் முகத்துக்கு நேராக நின்று, வாயை நன்றாகத் திறந்து, "நல்லா இருந்துச்சு அன்னா," என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் இரண்டு பேரையும்விட முன்னால் அவருக்குப் புரிந்துவிட்டது.

பாய் ஆம்ப்ளிஃபயர் டெஸ்ட் பண்ணுவதற்காகத் தானே கட்டிய ஓர் ஆஸிலேட்டர் கடையில் இருந்தது. குமிழைத் திருப்பினால் அடிச்சத்தத்திலிருந்து கீச்சுச்சத்தம் வரை ஏறிக்கொண்டே போகும். அதை ஸ்பீக்கரில் மாட்டினார். அண்ணனைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னார்.

"சத்தம் இருக்குற வரைக்கும் கையத் தூக்கிக்கினே இரு. நின்னா கீழ இறக்கு."

குமிழ் நகர்ந்தது. அண்ணன் கை தூக்கியிருந்தார். தவில், ஆண்குரல், பெண்குரல் என்று சத்தம் படியேறியது. பெண்குரலைத் தாண்டிச் சற்றுத் தூரம் போவதற்குள் அவருடைய கை மெதுவாக, சந்தேகத்தோடு, இறங்கியது. சத்தம் ஏறிக்கொண்டே இருந்தது. அவருக்கு அது முடிந்துபோயிருந்தது. எங்களுக்கு அது இன்னும் எவ்வளவோ தூரம் போனது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே கேட்டோம்.

பிறகு பாயின் முகம் மாறியது. "நான் இங்க எறங்கிட்டேன்டா," என்றார். குமிழ் இன்னும் திரும்பியது. கடைசியில் அந்தக் கீச்சு என் ஒருவனுடைய காதில் மட்டும் இருந்தது. இருபத்திரண்டு வயதில் அது ஒரு தனிமை என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் திரும்பினார். எதையும் மறைக்கவில்லை. "மில்லு எடுத்துக்கிச்சு பாய். மொதல்ல குருவி போச்சு. அப்புறம் சைக்கிள் மணி. லீடு வாசிக்கும்போது மேல் தந்தி சத்தமே வரல. தந்தி செத்துப் போச்சுன்னு மாத்தி மாத்திப் போட்டேன். தந்தி நல்லாத்தான் இருந்துச்சு. அடிச்சத்தம் மட்டும் இருக்குது, அதுவும் நெஞ்சுல பட்டா நல்லா இருக்குது. அதான் பேஸு."

"ராகவன் சாருக்குத் தெரியுமா?" என்று பாய் கேட்டார்.

"தெரிஞ்சா அன்னிக்கே முடிஞ்சுது. நீங்க சொல்லிடாதீங்க. மில்லுல இன்னொரு ஷிப்டு நின்னா இருக்குறதும் போயிடும்."

பாய் டீ நனைத்த சட்டையைப் பிழிந்துகொண்டே, "நான் ரேடியோ ரிப்பேர்காரன்பா," என்றார். "ஆளு ரிப்பேரு போர்டுல எழுதல. யார்கிட்ட இன்னாத்த சொல்லப் போறேன்?"

5. மெழுகு

ஊளைக்குக் காரணம் அந்த மெத்தென்ற சுற்றுதான். பட்டுக்குப் பழகிய கை, கம்பியையும் மூச்சு விடவைத்துச் சுற்றியிருந்தது. தளர்ந்த சுற்றுகள் ஒவ்வொன்றும் தானாக நடுங்கும். ஸ்பீக்கர் சத்தம் காயிலை நடுக்கும். காயிலின் நடுக்கம் ஸ்பீக்கருக்குப் போகும். அது மறுபடி காயிலுக்கு வரும். சுற்றிச் சுற்றி ஏறி ஊளையாகும். மேடையில் அது வந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், அண்ணன் ஒருவரைத் தவிர.

காயிலை உருக்கிய மெழுகில் மூழ்கவைத்தால் சுற்றுகள் ஒட்டிக்கொள்ளும். அண்ணன் சர்ச்சிலிருந்து எரிந்து மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டுகளைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தார். தண்ணீர்ச் சட்டிக்குள் டப்பாவை வைத்து இளஞ்சூட்டில் உருக்கினோம். நேராக நெருப்பில் வைத்தால் இனாமல் வெந்துவிடும். காயிலை உள்ளே விட்டதும் பொடிப்பொடிக் குமிழிகள் மேலே வந்தன. அக்கா விட்டுவைத்த மூச்சு ஒவ்வொன்றாக வெளியேறியது. குமிழி நின்றபின் எடுத்து ஆறவைத்தேன். கல்லாக இருந்தது.

யார் யாருக்காகவோ ஏற்றிய மெழுகுவத்திகள். அவற்றின் வேண்டுதல் நிறைவேறியதோ இல்லையோ, மிச்சம் இந்தக் காயிலில் இறங்கியது.

தையில் முதல் கல்யாணம். சன்னிதித் தெரு சத்திரத்தில் மாலை ரிசப்ஷன். மைக் செட் எங்களுடையது. பேஸ் கற்கண்டாக இருந்தது. டிரம்ஸ் பக்கவாட்டில் இருந்ததால் அண்ணன் டிரம்மர் காலைப் பார்த்தே தாளம் பிடித்தார். நடுவில் பாடகி மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்பீக்கருக்கு முன்னால் வந்துவிட்டார். மண்டபமே அலறும்படி மைக் ஊளையிட்டது. பாட்டு நின்றது. லீட் நின்றது. டிரம்ஸ் குச்சி அந்தரத்தில் நின்றது. சாலமன் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு தனியாக வாசித்துக்கொண்டிருந்தார்.

முடிந்தது என்று நினைத்தேன்.

ராகவன் சார் மற்றவர்களைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். "பாருங்கய்யா! இவன்தான் ஆர்ட்டிஸ்ட்டு. இடி விழுந்தாலும் நிறுத்த மாட்டான். நீங்களும் இருக்கீங்களே!"

அண்ணன் கண்ணைத் திறந்தபோது எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் கைதட்டினார்கள். எதற்கென்று தெரியாமல் கும்பிட்டார்.

6. அரைக் கட்டை

அந்த சீசன் முழுக்க இடம் கெட்டியாக இருந்தது. மில் முதலாளி ராத்திரி ஷிப்டுக்குக் கேட்டபோது அண்ணன் முடியாது என்று சொன்னார். அதைக் கடைக்கு வந்து எங்களிடம் சொன்ன அன்று, பாய் தன் காசில் எல்லோருக்கும் மசால்வடை வாங்கினார்.

சித்திரையில் திருமுக்கூடல் பக்கம் ஒரு கிராமத்துத் திருவிழா. ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான். மாட்டு வண்டிகளைச் சேர்த்துக் கட்டி மேடை போட்டிருந்தார்கள். இடம் போதவில்லை. அண்ணனை முன்னால் நிறுத்தி, டிரம்ஸையும் மற்றவர்களையும் அவருக்குப் பின்னால் அடைத்தார்கள். அவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். இடம் மாற்றிக் கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். கேட்கவில்லை.

பாடகருக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது. மூன்றாவது பாட்டுக்கு முன்னால் அவர் ராகவன் சாரிடம் ஏதோ முணுமுணுத்தார். சார் எல்லோருக்கும் பின்னாலிருந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "சுருதிய அரைக் கட்டை இறக்கி எடுங்க." எல்லோரும் தலையாட்டினார்கள். மேடை ஓரம் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நின்ற எனக்கே அது விழுந்தது. முன்னால் நின்ற அண்ணன் ஆற்று மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கையைக் காட்டலாமா என்று நான் யோசித்த அந்த மூச்சுக்குள் பாட்டு தொடங்கிவிட்டது.

குழு முழுக்க அரைக் கட்டை கீழே. பேஸ் மட்டும் பழைய இடத்தில். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: லீட் தப்பினால் பாட்டில் ஒரு கீறல் விழும், பேஸ் தப்பினால் வீட்டின் அஸ்திவாரம் நகரும். பாடகர் திணறினார். காலேஜ் பையன் தன் கிட்டாரைத்தான் சந்தேகப்பட்டுக் குனிந்து பார்த்தான். கூட்டத்தில் ஒருவன், "யோவ், ரெண்டு பாட்ட ஒண்ணா பாடுறீங்களாய்யா!" என்று கத்தினான். விசில் பறந்தது. அண்ணன் உறுதியாக, ஒரு சுரம் பிசகாமல், தப்பாக வாசித்துக்கொண்டே போனார். அவர் நெஞ்சில் கொம்பு அழுந்தியிருந்தது. அவருக்குக் கேட்டதில் எந்தக் குறையும் இல்லை.

ராகவன் சார் வந்து தந்திகளைக் கையால் பொத்தினார். அப்போதுதான் அண்ணன் திரும்பினார்.

"குடிச்சிட்டு வந்திருக்கியா?"

இந்த முறை சார் முகத்துக்கு நேராக நின்று கேட்டதால் வார்த்தை புரிந்தது. சாலமன் அண்ணன் வாழ்நாளில் குடித்தவரில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் ஒரு அடி முன்னால் எடுத்து வைத்திருந்தேன். வேண்டாம் என்பதற்கு அவர் தலையைக்கூட ஆட்டவில்லை; பார்வையை மட்டும் கொஞ்ச நேரம் என்மேல் வைத்தார். பிறகு சாரிடம் சொன்னார்:

"ஆமா சார். கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு."

எல்லோருக்கும் முன்னால் வசவு வாங்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினார். குடிகாரன் நடப்பது போல நடக்கவும் முயன்றார். அவருக்கு அது சரியாக வரவில்லை. நடிப்பதற்கும் பார்த்துப் பழகியிருக்க வேண்டுமே.

7. கழற்றியது

ஆடியில் ஒரு மதியம் கடைக்கு வந்தார். கிட்டாரை மேஜைமேல் வைத்தார். இளைத்திருந்தார். சட்டைக் காலரில் தவிடு.

"ரெண்டு ஷிப்டாண்ணே?" என்று வாயை நன்றாகத் திறந்து கேட்டேன்.

தலையசைத்தார். "குடிச்சவன ஒரு மாசம் கழிச்சு மறுபடி கூப்பிடுவாங்க தம்பி. எத்தினியோ பேர கூப்பிட்டிருக்காங்க. செவிடன யாரு கூப்பிடுவாங்க? அதான் அப்படிச் சொன்னேன்." காலரில் இருந்த தவிட்டைத் தட்டிவிட்டார். "கூப்பிடல. வேற ஆளு வந்துட்டானாம்."

பாய் ஆம்ப்ளிஃபயரை எடுத்து வைத்தார். அண்ணன் கையைக் காட்டித் தடுத்தார்.

"இத கழட்டி நீயே வெச்சுக்கோ தம்பி. பிக்கப்பு, ஒயரு, எல்லாத்தையும். இனிமே இது யாருக்கும் கேக்க வேணாம்."

நான் பாயைப் பார்த்தேன். பாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சால்டரிங் அயர்னை வைத்ததும் உள்ளேயிருந்து மெழுகு உருகி, கடை முழுக்க சர்ச் வாசனை வந்தது. ஒயர்களை விடுவித்தேன். பிக்கப் இருந்த இடத்தில் ஒரு நீளமான குழி. ஆசாரியிடம் சொல்லி அடைத்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். கிட்டாரை நிமிர்த்தி, கொம்பைத் தாடை எலும்பில் அழுத்திக்கொண்டு, அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து வாசித்தார்.

நான் இரண்டு அடி தள்ளித்தான் நின்றேன். தெருவில் பஸ் ஹாரன், ரிக்‌ஷா மணி, பின் தெருவில் தறிகளின் தடதடப்பு. தந்தி அசைவது தெரிந்தது. சத்தம் எனக்கு எட்டவில்லை. அவருடைய முகம் தளர்ந்தது. வாசித்து முடித்ததும் சைக்கிளில் கிட்டாரைக் குறுக்கே கட்டிக்கொண்டு தாமல் பக்கம் போனார். மில்லுக்கு நேரமாகிவிட்டது என்றார்.

பாய் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. கடை என் கைக்கு வந்தது. தொழிலுக்கு வருகிற உங்களுக்கு நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: மரத்தைத் தொடுவதற்கு முன், காந்தம் தேடுவதற்கு முன், வாசிக்கப் போகிற ஆளைச் சுவரைப் பார்த்து உட்காரவையுங்கள். கை எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். பிறகு செய்யுங்கள். என் கடையில் வாத்திய வேலைக்கு யார் வந்தாலும் அதைத்தான் செய்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள்.

அந்தப் பிக்கப் இன்னும் என்னிடம் இருக்கிறது. எப்போதாவது மீட்டரில் வைத்தால் முள் அதே இடத்தில் வந்து நிற்கிறது. சுந்தரம்மா அக்காவின் ஒரு சுற்றுகூட அறவில்லை.

போன வாரம் பாயின் ஆஸிலேட்டரைத் தூசு தட்டி, ஸ்பீக்கரில் மாட்டி, குமிழைத் திருப்பினேன். கடையில் வேறு யாரும் இல்லை. எனக்கு நானே கையைத் தூக்கிக்கொண்டேன். அன்றைக்குப் பாய் இறங்கிய இடத்துக்கு முன்னாலேயே என் கை இறங்கிவிட்டது. குமிழை இன்னும் திருப்பினேன். வாசலில் படுத்திருந்த தெருநாய் மட்டும் தலையைத் தூக்கி, என்னைப் பார்த்துவிட்டு, எழுந்து போனது.